ஒரே கடிதத்தில் இரண்டு கையெழுத்து

என் மேசை இழுப்பறையில் ஒரு விளக்கக் கடிதத்தின் நகல் இருக்கிறது. பத்து வரிக்கு மேல் போகாத கடிதம். நோயாளி ஒருவருக்கு ஊசி மாற்றிப் போட்டதைப் பற்றி மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தது. கீழே என் கையெழுத்து நீல மையில் இருக்கிறது. கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிப் போயிருக்கும். அதற்கு அடுத்தாற்போல் கறுப்பு மையில் எங்கள் வார்டு டாக்டரின் கையெழுத்து. இந்த மாதிரிக் கடிதத்தைத் தவறு செய்த நர்ஸ் தனியாகத்தான் எழுதிக் கொடுப்பார். அதில் டாக்டர் ஒருவர் தானாக வந்து கையெழுத்துப் போட்டதை அதற்கு முன்னாலும் நான் கண்டதில்லை, பின்னாலும் கண்டதில்லை.

அப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு நடுத்தர மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். இருபது கட்டில்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் எங்கள் மேசை. டாக்டர் கொடுமுடிக்காரர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அவரைக் கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள்; அன்பானவர் என்று யாரும் சொன்னதில்லை. வார்டைச் சுற்றி வரும்போது அவர் நடை அவ்வளவு வேகமாக இருக்கும். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குப் போகிற போக்கில், திரும்பிக்கூடப் பார்க்காமல், மருந்து மாற்றங்களைச் சொல்லிக்கொண்டே போவார். நாங்கள் கோப்புகளைச் சுமந்தபடி பின்னால் ஓடுவோம். எழுதக் காகிதம் கிடைக்காத நேரத்தில் உள்ளங்கையில் குறித்துக்கொள்வோம். மறுபடி கேட்டால் முகம் சுருங்கும். அதனால் கேட்கமாட்டோம். சேர்ந்து வேலை செய்வது என்றால் அவர் சொல்வதை நாங்கள் செய்வது என்றுதான் அவரும் நினைத்திருந்தார், நாங்களும் நினைத்திருந்தோம்.

அந்த வாரம் வார்டில் இரண்டு பழனிசாமிகள் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது அதிசயமில்லை. ஆண்கள் வார்டில் பழனிசாமி என்று கூப்பிட்டால் எப்போதும் யாராவது ஒருவர் திரும்பிப் பார்ப்பார். எட்டாம் கட்டிலில் இருந்தவர் அன்னூர்ப் பக்கத்து விவசாயி. அறுபது வயதைத் தாண்டியவர், நிமோனியாவுக்குச் சேர்ந்திருந்தார். பதினொன்றாம் கட்டிலில் இருந்தவர் சர்க்கரை நோயாளி, காலில் ஆறாத புண். முந்தின நாள் மாலை டாக்டர் நடந்துகொண்டே, "பழனிசாமிக்கு இன்சுலின் பதினாறு யூனிட் ஆக்கிடுங்க" என்று சொல்லி, மேசைமேல் கிடந்த தாளில் பெயரையும் அளவையும் மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். சிற்றுண்டி வண்டி இன்னும் வரவில்லை. அந்தத் தாளை மட்டும் பார்த்து இன்சுலினை ஊசியில் ஏற்றிக்கொண்டு போனேன். எட்டாம் கட்டில்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"பழனிசாமிங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங் அம்மிணி" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. போட்டுவிட்டேன். மேசைக்குத் திரும்பி, போட்ட நேரத்தைக் குறிக்க, இன்சுலின் கணக்கு இருக்கும் கோப்பை எடுத்தபோது கையில் வந்தது பதினொன்றாம் கட்டிலின் கோப்பு. தலையைத் தூக்கிப் பார்த்தேன். பதினொன்றாம் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, தன் ஊசிக்காகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

சர்க்கரை நோயே இல்லாத, இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத ஒரு வயதானவர் உடம்பில் பதினாறு யூனிட் இன்சுலின். நர்ஸிங் படித்தவளுக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன ஆகும் என்று தெரியும். சர்க்கரை இறங்கும், வேர்க்கும், நினைவு தப்பும், கவனிக்காமல் விட்டால் ஆள் திரும்பி வராமலே போகலாம். உண்மையைச் சொல்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த வேலையை நம்பி இரண்டு குடும்பங்கள் இருந்தன. டம்ளரைக் கையில் எடுத்துக்கூட விட்டேன். பிறகு அதை வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் இன்னொரு நர்ஸை நிறுத்திவிட்டு, மாடிப்படியில் இறங்கி ஓடினேன். டாக்டர் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"டாக்டர், எட்டாம் பெட்டுக்கு இன்சுலின் போட்டுட்டேன். பதினொண்ணுக்குப் போட வேண்டியது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எவ்வளவு நேரமாச்சு?"

"ஏழெட்டு நிமிஷம்."

"வாங்க" என்றார். இரண்டிரண்டு படியாக ஏறினார். அவருக்கு முன்னால் நான் ஏறினேன்.

அந்தக் காலைப் பொழுதில் நாங்கள் வேலை செய்த விதத்தை இன்றும் என்னால் நிமிடம் நிமிடமாகச் சொல்ல முடியும். நான் நரம்பில் ஊசி ஏற்றினேன், அவர் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார். பாட்டில் மாட்டுவது டாக்டர் வேலையா, நர்ஸ் வேலையா என்று யோசிக்க அங்கே நேரமில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தோம். நான் எண்ணைச் சொல்வேன், அவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்ததைச் செய்வார். முதல் மணி நேரத்தின் முடிவில் நாற்பத்தெட்டுக்கு இறங்கியது. கிழவருக்குச் சட்டை நனைய வேர்த்தது. பேச்சுக் குழறியது. என் கையை யாருடையதோ என்று பிடித்துக்கொண்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்டார். கீழே புறநோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். வேறு டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, அவர் அந்தக் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்கு அளவு ஏறி நின்றது. பன்னிரண்டுக்குக் கிழவர் கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றார். நான் போய்க் கழிவறையில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

இனி நடக்கப்போவதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லோணும். நீங்களும் வாங்க" என்றார். வெளியே கிழவரின் மனைவியும் மகனும் நின்றிருந்தார்கள். மகன் நாற்பது வயதுக்காரர், சொந்தத் தோட்டமும் ஒரு சிறிய ஸ்பின்னிங் மில்லும் வைத்திருப்பவர். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"ஏனுங்க, காலைல உங்கப்பாவுக்கு மயக்கமா வந்துச்சில்லைங்களா, அது நோவுனால வந்ததில்லீங்க. இன்னொருத்தருக்குப் போட வேண்டிய ஊசியை எங்க கைத்தப்புல அவருக்குப் போட்டுட்டோம். இப்ப நல்லா இருக்காருங்க. நாளைக்கு வரைக்கும் கூட இருந்து பார்ப்போம்."

எங்க கைத்தப்பு. போட்டுட்டோம். அந்தச் சொற்கள் காதில் விழுந்தும் எனக்குப் புரியச் சற்று நேரமானது. சிஸ்டர் தப்பாகப் போட்டுவிட்டார் என்று அவர் சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான், யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது.

மகனுக்குக் கோபம் வந்ததில் தவறில்லை. என் அப்பாவுக்கு நடந்திருந்தால் எனக்கும் வந்திருக்கும். "ஆரு போட்டது?" என்றார். நான் முன்னால் வந்து, "நான்தானுங்க" என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். எங்கள் ஊர் அவர்கள் தோட்டத்திலிருந்து நான்கு கிலோமீட்டர்கூட இருக்காது. "ஊருக்குள்ளயா, வெளியயா?" என்று அடுத்த கேள்வி வந்தது. என் அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீடுகள் ஊருக்கு வெளியே இருந்தன, சின்னக் கோயிலும் சர்ச்சும் பக்கத்தில் பக்கத்தில். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. "அதானே பார்த்தேன்" என்றார். "இவங்களையெல்லாம் கொண்டாந்து ஊசி போட உட்டா இப்படித்தான் ஆகும்."

டாக்டரும் அந்த மனிதரின் சாதிக்காரர்தான். இரண்டு பேருக்கும் அது தெரியும், அந்த நம்பிக்கையில்தான் அவர் அப்படிப் பேசினார். டாக்டர் குரலை உயர்த்தவில்லை.

"தப்பைப் பத்திக் கேளுங்க, பதில் சொல்றேன். ஊரைப் பத்தி இங்க கேக்க வேண்டாங்க. மருந்துச் சீட்டு எழுதுனது நானுங்க. பேரை மட்டும் எழுதிப்போட்டு, கட்டில் நம்பர் எழுதாமப் போய்ட்டேன். ஒரே பேருல ரெண்டு பேரு இருக்காங்கன்னு சொல்லவும் இல்லை. அவங்களா வந்து சொன்னதுனாலதான் உங்கப்பா இப்பச் சோறு திங்கறாரு. மறைச்சிருந்தா நம்ம யாருக்கும் தெரிஞ்சிருக்காதுங்க."

உள்ளே கட்டிலில் இருந்து கிழவரின் குரல் கேட்டது. "டேய், அந்தப் புள்ளை எம்பேரைக் கேட்டுத்தான்டா போட்டுச்சு. நாந்தான் ஆமான்னு சொன்னேன்." அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். மகன் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

மாலையில் நிர்வாக அலுவலகத்தில் என்னை உட்கார வைத்து எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்போது டாக்டர் உள்ளே வந்தார். காகிதத்தை வாங்கிப் படித்தார். மருந்துச் சீட்டில் கட்டில் எண் இல்லை என்பதை நான் எழுதவில்லை. அதை எழுதினால் அவர்மேல் பழி போடுவதாகிவிடும் என்று நினைத்தேன். அவர் அதையும் ஒரு வரியாகத் தன் கையால் சேர்த்து, கீழே கையெழுத்துப் போட்டார். மேலாளர், "உங்களது தேவையில்லைங்க டாக்டர்" என்றார். "நடந்ததுல நானும் இருக்கறேனுங்களே" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்துவிட்டார்.

வராந்தாவில் அவரிடம் நன்றி சொல்லப் போனேன். அவர் முகம் அப்போதும் கடுகடுவென்றுதான் இருந்தது.

"எனக்குக் கோபமில்லைன்னு நெனைச்சுக்காதீங்க சிஸ்டர். நிறைய இருக்குது. எம்மேலயும் இருக்குது. அதை வெச்சுட்டு ரெண்டு பேரும் என்ன பண்றது? நாளைக்கு அரை மணி நேரம் முன்னாடி வாங்க. எல்லாரையும் வரச் சொல்லுங்க."

மறுநாள் வார்டில் வேலை செய்யும் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றோம். நர்ஸ்கள், பயிற்சி டாக்டர், வார்டு ஆயா. நேற்று நடந்தது மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று அவர் கேட்டார். எங்களிடம் அப்படி யாரும் கேட்டதே இல்லை. முதலில் ஆயாதான் பேசினார். "ஒரே பேருல ரெண்டு பேரு வந்தா, ஒருத்தரை அந்தக் கோடிக்கு மாத்திப்போடோணுங்க. பக்கத்துல பக்கத்துல போட்டா எனக்கே பால் மாறிப் போகுதுங்." டாக்டர் அதைத் தாளில் முதல் வரியாக எழுதினார். அதன் பிறகு எங்களுக்கும் வாய் வந்தது. பெயரை நாம் சொல்லக் கூடாது, அவர்களையே சொல்லச் சொல்ல வேண்டும் என்றேன் நான். நடந்துகொண்டே மருந்து சொல்லக் கூடாது என்றாள் என்னோடு இருந்த நர்ஸ், அவரைப் பார்க்காமலே. பயிற்சி டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "சரிங்க, நின்னு சொல்றேன்" என்றார் டாக்டர். "நான் சொன்னதை நீங்க திருப்பிச் சொல்லுங்க. தப்பா இருந்தா அப்பவே தெரியும்."

அன்றிலிருந்து அவர் கட்டிலருகே நின்றார். முதலில் எங்களைப் பேசவிட்டார். நேற்றிலிருந்து இவருக்கு என்ன மாற்றம், சாப்பிட்டாரா, தூங்கினாரா, ஏதாவது மனசுக்குச் சரியாகப் படவில்லையா என்று கேட்பார். நாங்கள் சொன்ன பிறகுதான் கோப்பைத் திறப்பார். மற்ற டாக்டர்கள் சிலர் இதைக் கிண்டல் செய்தார்கள். அவருக்குக் கோபம் வராமல் போய்விடவில்லை, அது அவரோடு பிறந்தது. ஆனால் திருப்பிக் கேட்டதற்காக அவர் முகம் சுருங்கி நான் அதன்பின் பார்க்கவில்லை.

இதன் அருமை எனக்குத் தெரிந்தது அடுத்த மழைக்காலத்தில். சென்னிமலையிலிருந்து ஒரு நெசவுக்காரப் பெண் டெங்குக் காய்ச்சலோடு வந்து சேர்ந்தாள். முப்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். ஓயாமல் பேசுவாள். படுக்கை விரிப்பை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "இது எங்கூரு தறியில ஓட்டுனது இல்லீங் சிஸ்டர், இழை கம்மி" என்று தினமும் ஒரு குறை சொல்வாள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. மறுநாள் காலை, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிவிட்டு, புறநோயாளிகளைப் பார்க்கக் கீழே போனார். அவள் கணவன் பையை எடுத்துக்கொண்டு தயாராக நின்றான்.

அவள் கையில் குத்தியிருந்த டிரிப்ஸ் ஊசியை எடுக்கப் போனேன். அவள் பேசவில்லை. அதுதான் முதலில் உறைத்தது. கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஒரு பக்கமாகப் புரண்டாள், மறுபடி இந்தப் பக்கம் புரண்டாள். வயிற்றில் கை வைத்திருந்தாள். இரத்த அழுத்தம் பார்த்தேன். மேல் அளவு சரியாகத்தான் இருந்தது, ஆனால் கீழ் அளவு ஏறி அதற்குப் பக்கத்தில் வந்து நின்றது, அது நல்ல அறிகுறியில்லை. கீழே இண்டர்காமில் கூப்பிட்டு டாக்டரிடம் சொன்னேன்.

"காய்ச்சல் விட்டுப் போச்சு, நேத்து ரிப்போர்ட்டும் பரவாயில்லை. சோர்வா இருக்கும். அனுப்பிடுங்க சிஸ்டர்" என்றார். பின்னால் கூட்டத்தின் இரைச்சல். வைத்துவிட்டார்.

நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். ஊசி மாற்றிப் போட்டவள் நான். இந்த வார்டில் அதை மறந்தவர்கள் யாருமில்லை. ஒரு டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, அறுபது பேர் வரிசையில் நிற்கும்போது, எனக்கென்ன தெரியும் என்று இரண்டாவது முறை கூப்பிடுவது? பையோடு நின்ற கணவன், "போலாங்களா? பஸ் போயிருங்க" என்றான். நான் மறுபடி எண்ணை அழுத்தினேன்.

"டாக்டர், நான் அனுப்ப மாட்டேனுங்க. நீங்க ஒரு தடவை வந்து பார்த்துட்டு அனுப்பச் சொன்னா அனுப்பறேன். கை ஜில்லுன்னு இருக்குது. பேச மாட்டேங்கறா."

"வாரேன்" என்றார்.

வந்தவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்ததும் வேறு ஆளாக மாறிவிட்டார். காய்ச்சல் விடும்போதுதான் சிலருக்கு டெங்கு உள்ளே வேலையைக் காட்டும். இரத்த நாளத்திலிருந்து நீர் கசிந்து, அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும். அன்று பகல் முழுக்க அவளுக்கு அளந்து அளந்து திரவம் ஏற்றினோம். மறுபடியும் நான் எண்ணைச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் அவள் கண்ணை விழித்து, விரிப்பைப் பார்த்து, "இன்னும் மாத்தலீங்களா இதை?" என்றாள். அவள் கணவன் சுவரோரம் குந்தி உட்கார்ந்து அழுதான். அந்தப் பேருந்தில் அவர்கள் ஏறியிருந்தால் பெருந்துறை வரைக்கும்கூட அவள் தாங்கியிருக்கமாட்டாள் என்று டாக்டர் பின்னர் சொன்னார்.

என்னிடம் அவர் சொன்னது அதைவிடச் சுருக்கம். கையைக் கழுவிக்கொண்டே, "மொதல் தடவை கூப்பிட்டப்பவே வந்திருக்கோணும். தப்பு எம்மேலதானுங்க" என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் நான் யோசித்துக்கொண்டே போனேன். இன்சுலின் மாறிய அன்று அந்த மகனுக்கு முன்னால் டாக்டர் என்னைத் தனியாக விட்டிருந்தால் நான் வேலையில் இருந்திருப்பேன், ஒழுங்காகச் சொன்னதைச் செய்துகொண்டும் இருந்திருப்பேன். ஆனால் இரண்டாவது முறை கூப்பிட்டிருக்கமாட்டேன். ஒருவரைக் காப்பாற்றிவிட்டதால் நல்லவர் என்று நான் அவரைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைக் காப்பாற்றியதில் அவருடைய படிப்புக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு அந்த மகனிடம் அவர் சொன்ன "போட்டுட்டோம்" என்ற சொல்லுக்கும் உண்டு என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

இப்போது நான் அதே மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளர். நோயாளி மணிக்கட்டில் பட்டை கட்டுகிறோம். அதை ஒரு கருவியால் படித்துப் பார்த்தால்தான் மருந்து கொடுக்க முடியும். பெயர் மாறினால் கருவி சிவப்பாகக் காட்டும். அது எங்களைவிட நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்று அது இருந்திருந்தால் என் கையைத் தடுத்திருக்கும். ஆனால் சரியான நோயாளிக்குச் சரியான மருந்தே எழுதப்பட்டிருந்தும், ஏதோ சரியில்லை என்று தோன்றும்போது டாக்டரை மறுபடி கூப்பிட ஒரு கருவியும் வரவில்லை. புதிதாகச் சேரும் பெண்கள் அந்தத் தொலைபேசி முன்னால் தயங்கி நிற்பதை இப்போதும் பார்க்கிறேன். யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைப் பொறுத்துத் தயக்கம் கூடும், குறையும்.

டாக்டர் சில வருடங்களுக்கு முன் கொடுமுடிக்கே போய்விட்டார். அவருடைய அப்பா படுக்கையில் விழுந்த பிறகு, அங்கேயே ஒரு சிறிய கிளினிக் வைத்துக்கொண்டார். போன மாதம் என்னோடு வேலை பார்த்த நர்ஸின் மகள் கல்யாணம் கொடுமுடியில். முகூர்த்தம் முடிந்ததும் விசாரித்துக்கொண்டு போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சிஸ்டர், சாப்டாச்சுங்களா?" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எதிரில் ஒரு பெரியவர் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை முடித்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லிவிட்டு, மருந்து எழுத ஆரம்பித்தார்.

பக்கத்தில் நின்ற நர்ஸுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதிருக்கும். எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர், அது வேண்டாங்க. போன தடவை இந்த மாத்திரைக்குத்தான் இவருக்கு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. வேற எழுதுங்க."

டாக்டரின் கை நின்றது. "அட, ஆமாங்க" என்றார். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறொரு சீட்டை எடுத்தார். பெரியவரைப் பார்த்து, "மறந்துபோய்ட்டேனுங்க, இந்தப் புள்ளை சொல்லலீன்னா மறுபடி அரிச்சிருக்கும்" என்று சிரித்தார்.

நான் அவரைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரலில் தயக்கம் இருந்ததா என்று தேடினேன். இல்லை. அவர் சரி என்பாரா, கோபப்படுவாரா என்று முகத்தைப் பார்க்கக்கூட அவள் நிற்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட வாசலுக்குப் போய்விட்டாள்.